அஞ்சலையின் புட்டி

டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்வது பெரிய வேலையில்லை. பக்கத்தில் நிற்கும் மாமியாரைத் தாண்டி அதைப் பெண்ணின் காதில் போடுவதுதான் வேலை. வெள்ளைப் புடவை கட்டி ஆஸ்பத்திரியில் உழைத்த சகோதரிகளே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். ஐம்பத்தாறிலிருந்து ஐந்து வருஷம் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு டாக்டரின் பெண்கள் வைத்தியசாலையில் நர்சாக இருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது. என் வாய்க்கு ஓய்வு கிடையாது.

வளையல்காரர்

அஞ்சலையைக் கூட்டிவந்தது அவள் மாமியார் கன்னியம்மா. கடலோரக் குப்பத்தில் மீன் விற்கிறவர்கள். மருமகளுக்கு இருபத்திரண்டு வயது, கனத்த உடம்பு, தாடையில் முடி, கழுத்தைச் சுற்றி அழுக்குப் போல ஒரு கறுப்பு. "ஏழு மாசமா முழுகாம இருக்கா" என்றாள் கன்னியம்மா. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிள்ளை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருக்க வேண்டும், அதனால்தான் மாதவிடாய் இப்படித் தள்ளிப்போகிறது என்றார்.

முடிந்தவரை பக்குவமாகச் சொன்னேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியம்மாவின் கவலை வேறு. "நாளைக்கு வளையல்காரரு வராரும்மா. ஊரு பூராச் சொல்லியாச்சி. அவராண்ட நான் இன்னாத்தச் சொல்றது?"

தொப்பிக்காரர்

இந்த மாதிரிப் பெண்களுக்கு டாக்டர் ஒரு பாடம் வைத்திருந்தார். பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் பிற்காலத்தில் சர்க்கரை வரலாம், ரத்தக் கொதிப்பு வரலாம். வருஷக்கணக்கில் மாதவிடாய் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் கருப்பையில் புற்று வரவும் கூடும். ஆகவே உடம்பைக் குறைக்க வேண்டும், மாதம் ஒரு தடவை சிறுநீரைச் சோதிக்க வேண்டும். இதை நான் தூக்கத்திலும் ஒப்பிப்பேன்.

சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அதே கோளாறோடு எட்டு வருஷம் காத்திருந்து அந்த அம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பாடத்தை நான் பாதி சொல்வதற்குள் அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். அந்த அம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் பிரெஞ்சில் நன்றி சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்: "மெர்சி, மத்மசேல். பிள்ளை பொறந்தாச்சு, இனிமே இவளுக்கு என்ன வரப்போவுது?"

நீலம்

சோதனைக்கு வீட்டிலிருந்தே காலைச் சிறுநீரைப் புட்டியில் கொண்டுவர வேண்டும். நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறமானால் ஏராளம். அஞ்சலையின் புட்டியைக் கன்னியம்மாவே மடியில் வைத்துக் கொண்டுவருவாள். ஒரு வருஷம் பூராவும் நீலம்தான். நானும் அழகான கையெழுத்தில் "இல்லை, இல்லை" என்று எழுதிவந்தேன்.

அந்த ஒரு வருஷமும் அஞ்சலை வந்தால் எங்கள் தண்ணீர்ப் பானை காலியாகும். நண்டு கடித்த அவள் கால்விரல் புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டர் புண்ணைப் பார்ப்பார், என் நோட்டைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். ஏன் ஆறவில்லை என்று கேட்டால் கன்னியம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. "உப்புத் தண்ணியில நிக்கறவளுக்கு எப்பிடிம்மா ஆறும்? அதான் புட்டி நல்லா இருக்குதில்ல?"

செங்கல்

ஒரு நாள் அஞ்சலை தனியாக நொண்டிக்கொண்டு வந்து புட்டியை நீட்டினாள். காய்ச்சினேன். செங்கல் நிறம். போன மாதம் வரை நீலமாக இருந்ததே என்று கேட்டேன். "அதெல்லாம் எங்க நாத்தனாருதும்மா. அது புருஷன் வூட்டுக்குப் போயிடுச்சி. இன்னிக்குத்தான் என்னுது" என்றாள்.

கன்னியம்மாவை வரவழைத்துக் கத்தினேன். பாதிக் கோபம் என் மேல்தான். பானை காலியானதைப் பார்த்தும் நோட்டைத்தானே நம்பினேன். அவளோ அது பிள்ளை பெறத் தகுதி பார்க்கும் சோதனை என்றே நினைத்திருந்தாள். "ரெண்டு பெத்த என் மவ புட்டியக் குடுத்தா பாஸ் போடுவீங்கன்னு பாத்தேன். மருமவளுக்கு நல்லதுதானம்மா செஞ்சேன்?"

கழுத்து

அஞ்சலைக்கு ஒரு கால்விரல் போயிற்று, கால் பிழைத்தது. பிறகு ஊசியும் பத்தியமும். புட்டியை இனி எங்கள் கொல்லைப்புறத்தில்தான் நிரப்ப வேண்டும் என்று சட்டம் போட்டு, கதவுக்கு வெளியே நானே காவல் நின்றேன். மூன்று வருஷம் மாதம் தவறாமல் அவள் வந்தாள்.

நான் கோடையிலும் கழுத்து மூடிய ரவிக்கை போடுகிறவள். என் மாதக் கணக்கும் என்றைக்கும் ஒழுங்காக இருந்ததில்லை; கல்யாணமாகாதவளிடம் அதை யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுப் புட்டியை வாங்கினேன். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்க கழுத்தும் என்னுது மாதிரியே கறுத்துக் கெடக்குது நர்சம்மா. உங்க புட்டிய யாரு பாக்கறாங்க?"

ஐந்து வருஷம் ஊருக்கெல்லாம் ஒப்பித்த பாடத்தை அன்று சாயங்காலம்தான் என் காதில் வாங்கி, என் சொந்தப் புட்டியையே சோதனைக்கு வைத்தேன். எனக்கு நாத்தனார் இல்லை.