ஆயில் மூடியில் படிந்த வெண்பசை

மார்ச், முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணி. வழக்கம்போல் கார் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். இன்ஜினின் மேற்பகுதியில் டக்டக்கென்ற ஒலி.

இரண்டாம் ஞாயிறு, அதே நேரம். ஒலி கூடியிருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உட்புறத்தில் கெட்டி மோர் நிறத்தில் பசை, அதன் விளிம்பில் கறுப்புப் படிவு.

கார் என் மனைவியுடையது. அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் அவள் இறப்பதற்கு முன் கடைசியாக நிறுத்திய பிறகு, பதினொரு மாதங்களாக யாரும் அதை ஓட்டவில்லை. இன்ஜின் பழுதானால் விற்றுவிடலாம் என்பது மகளின் கருத்து. பழுதாகக் கூடாது என்பது என்னுடையது.

எதிர்வீட்டுக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கத்தவர். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். மூடியை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு! அரை லிட்டர் மண்ணெண்ணெய ஆயிலோட ஊத்திப் பத்து நிமிசம் ஓட உட்டு இறக்கீருங்க. எங்க ரிக்குக்கெல்லாம் அதுதானுங்க பேதி மருந்து."

"ஆயில் நீர்த்துப்போய், உள்ளே உராய்ந்துவிடாதா?"

"காலேசுல கெமிஸ்ட்ரி நடத்துனவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகமுங்க."

சந்தேகம் இருந்தது. மூடியிலிருந்து சுரண்டிய பசையை இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் இட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் டீசலும் ஊற்றி வாசலில் வைத்தேன். கறுப்புப் படிவு இரண்டிலும் கரைந்தது. வெண்பகுதி கரையவில்லை, துளித்துளியாக அடியில் தங்கியது. மிச்சமிருந்த பசையைக் கரண்டியில் எடுத்து உள்ளே அடுப்பில் காட்டினேன். கடுகு போலப் படபடவெனப் பொரிந்தது. தண்ணீர்.

இன்ஜினுக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று அவரிடமே கேட்டேன்.

"வாரா வாரம் எத்தன நேரமுங்க ஓட உடறீங்க?"

"ஐந்து நிமிடம். நின்ற இடத்திலேயே."

"அட சாமி! சூடேறறதுக்குள்ள அமத்திப் போட்டா, உள்ள வேர்த்த ஈரம் எங்கீங்க போகும்? மண்ணெண்ணெயும் வேணாம், ஒண்ணும் வேணாம். புது ஆயில ஊத்தி, ஓமலூரு வரைக்கும் அரை மணி நேரம் ஒரு மிதி மிதிச்சுட்டு வாங்க."

பெட்ரோல் எரிந்தால் நீராவி பிறக்கும் என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். காரைக் காப்பதாக எண்ணி, வாரந்தோறும் நானே அதற்குள் தண்ணீர் சேர்த்திருக்கிறேன்.

"உள்ள உக்காந்து ஓட்டோணுமுங்க" என்றார், சற்று மெதுவாக.

நான் வெளியே நின்று, கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்புவதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கை அவள் உயரத்துக்கு முன்னே இழுத்தபடி இருக்கிறது. என் முழங்கால்கள் அதில் அடங்கா.

இன்னும் செய்யாதவை:

பழைய ஆயிலை இறக்குவது, ஃபில்டரை மாற்றுவது.
பழுதுக்குக் காரணம் நான்தான் என்று மகளிடம் சொல்வது.
இருக்கையைப் பின்னால் தள்ளுவது.
ஓமலூர் வரை, இடையில் நிறுத்தாமல்.