கனகாம்பரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டுக் குழாயடியில், கனகாம்பரப் பாத்தியை ஒட்டிய சிமென்ட் திட்டில், நீல நிற பிளாஸ்டிக் மக் ஒன்று கவிழ்த்து வைத்திருக்கும். கைப்பிடியின் அடிப்பகுதி உடைந்து கொக்கிபோல் நிற்கும். பிள்ளைப்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்ததிலிருந்து அதுதான் அதற்கு இடம். என் கணவர் எத்தனையோ முறை தூக்கிப்போடப் பார்த்தார், நான் விட்டதில்லை. அது என் லைன் லீடர் அக்காவுடையது.

பட்டப்படிப்பு முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். வரிசையாக உட்கார்ந்து பாகங்களைப் பொருத்தும் எங்கள் லைனுக்கு அக்காதான் லீடர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சிரிக்க மாட்டார். வாயைத் திறந்தால் வசவுதான். தலையில் பூவோடு உள்ளே போகக் கூடாது என்பது அங்கே விதி. வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவோம். ஷிஃப்ட் முடிந்து வரும்போது மல்லிகை பழுத்துச் சுருண்டிருக்கும். கனகாம்பரம் மட்டும் வைத்தபடியே இருக்கும். அதனால்தான் அக்கா கேன்டீன் சுவரோரத்தில் கனகாம்பரம் நட அனுமதி வாங்கினார். பார்வையாளர்கள் வந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று சூப்பர்வைசரும் சம்மதித்தார். தண்ணீர் ஊற்ற ஒருவர் லைனை விட்டு எழுந்து போகலாம் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டார்.

அதன் அருமை லைனில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். டீ இடைவேளை தவிர வேறு நேரத்தில் பாத்ரூம் போக வேண்டுமென்றால், நம் இடத்தில் உட்கார ஒரு மாற்று ஆள் வர வேண்டும். ரிலீவர் என்பார்கள். அந்த ஆள் ஒரு நாளும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்ததில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டால், பக்கத்து லைன் பையன்கள் காதில் விழும்படி, "இப்பதானே போயிட்டு வந்த?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் எத்தனை பேர்! மாதத்தில் அந்த மூன்று நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்கா வரிசையில் நடந்து வருவார். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "இன்னாடி முழிக்கிற? செடி வாடிக்கினு கீது பாரு. போ, ஊத்திட்டு வா," என்று மக்கை நீட்டுவார். எழுந்தவள் இடத்தில் அவரே உட்கார்ந்துகொள்வார்.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பொய் சொல்லிவிட்டுப் போகிறோமே என்ற உறுத்தலில், போனவள் எல்லாம் உண்மையிலேயே ஒரு மக் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள். கனகாம்பரத்துக்கு ஈரம் வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. ஒரே மாதத்தில் இலை மஞ்சளித்தது. ஒரு செடியைத் தொட்டதும் வேர் அழுகிக் கையோடு வந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்து லைன் நடுவே நின்று கத்தினார்: "போறவ எல்லாம் ஒரு மக் ஊத்துனா அது செடியா, எருமை மாடா? அறிவுகெட்டவளுங்களா! இனிமே காலி மக்க எடுத்துக்கினு போங்கடி!" நாங்கள் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று. அன்றிலிருந்து காலி மக்கோடு நடந்தோம். செடியும் பிழைத்தது. காய்ந்த கதிர்களை அக்கா நறுக்கிவிட, நறுக்க நறுக்கப் புதிய கதிர் விட்டது. சுவரோரம் முழுக்க ஆரஞ்சு நிறம்.

அந்த அழகே எங்களுக்கு வினையானது. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்த்து மகிழ்ந்து, பாராட்டாகச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார். செடிக்கு இனி தானாகவே தண்ணீர் போகும். யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. கைதட்டினார்கள். எங்களையும் தட்டச் சொன்னார்கள். மறுவாரம் அந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை. யாரோ அதை மடக்கி, தலைமுடி ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "யார் செஞ்சது?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது, "நான்தான் சார். அது குடிக்கிறதுக்கு அவ்ளோ அக்கறை, நாங்க போறதுக்கு இல்லியா?" என்றார் அக்கா. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் போன அன்று அந்த மக்கையும் முற்றிய கதிர்கள் சிலவற்றையும் நான் எடுத்து வந்தேன். சில மாதங்களில் நானும் நின்றுவிட்டேன். அந்த விதையின் வழி வந்தவைதான் இந்தப் பாத்தியில் இருப்பவை.

இதையெல்லாம் பழங்கதை என்றே நினைத்திருந்தேன். போன மாதம் என் மகள் நடுங்கிக்கொண்டே வேலையிலிருந்து வந்தாள். டிப்ளமோ படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சிறுநீரில் தொற்று ஏறிச் சிறுநீரகம்வரை போயிருக்கிறது என்றார் மருத்துவர். "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?" என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "குடிச்சா போவணும். போவணும்னா கேக்கணும்."

எத்தனை வருடம்! சாலை ஆறு வழியாகிவிட்டது. வயலெல்லாம் கம்பெனியாகிவிட்டது. ஒரு பெண் எழுந்து பாத்ரூம் போவது மட்டும் இன்னும் ஒருவர் போடும் பிச்சையாகவே இருக்கிறது. அவள் கம்பெனிக்கே போனேன். இளவயது அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார். "அப்படி ஒரு ரூலே கிடையாது மேடம். கேட்டா விடப்போறாங்க." எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக்கு வெளியே பச்சைப் புல்வெளி. தெளிப்பான்கள் சுழன்று சுழன்று அதற்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தன. அந்தப் புல் யாரையும் கேட்கவில்லை.

வேலையை விட்டுவிடு என்று மகளிடம் கெஞ்சினேன். ஓய்வில் இருந்த நாட்களில் பாத்தியருகே உட்கார்ந்து அக்காவின் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். முற்றிய கதிரில் தண்ணீர் பட்டால் காய் டப்பென்று வெடித்து விதை தெறிக்கும். அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைபோல் சிரித்தாள்.

இன்று விடியற்காலை முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பினாள். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே முழுக்கக் குடித்தாள். பிறகு குழாயடிக்குப் போய் மக்கை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அது எதுக்குடி?"

"போவணும்னா இத கையில எடுத்துக்கினு எழுந்து நடப்பேன்மா. கேக்க மாட்டேன்."

"எங்க போறன்னு கேட்டா?"

"செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னு சொல்லுவேன்."

"அங்க செடி ஏதுடி?"

"அத அவங்க கேக்கட்டும்," என்றாள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

ஷிஃப்ட் முடிய இன்னும் நேரமிருக்கிறது. வாசலுக்கும் குழாயடிக்குமாக நடக்கிறேன். திட்டில் மக் இருந்த இடத்தில் பாசி பிடிக்காத ஒரு வட்டம் தெரிகிறது. இன்று கனகாம்பரத்துக்குச் சொம்பில்தான் ஊற்றினேன்.