ஞானமுத்து சொல்ல வந்தது

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் நாங்கள் குடியிருக்கும் இந்த மீன்பிடி ஊரில், திருவிருந்துக்கு முந்தின நாள் வெறும் சனிக்கிழமைதான். புதூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்துச் சபையில் அன்று சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். அவரவர் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும். மனத்தாங்கல் உள்ளவர்கள் அதற்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராதவர்கள் மறுநாள் அப்பம் வாங்க எழுந்து போக மாட்டார்கள். இங்கே பாட்டு முடிந்ததும் எல்லோரும் வரிசையாகப் போய் அப்பம் வாங்குகிறார்கள். திரும்பி வந்து மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் மட்டும் பெஞ்சிலேயே இருந்தேன். மூன்றாம் முறையும் அப்படியே இருந்ததைக் கவனித்த போதகர் ஃபியோனா, குளூட்டன் இல்லாத அப்பமும் இருக்கிறது என்று வாசலில் வைத்துச் சொன்னார். எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துவிட்டார். தகுதியில்லாதவன் என்று சொல்ல எண்ணி, ‘நாட் ஃபிட்’ என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டு, அந்த வாரமே வீட்டுக்கு சூப் கொண்டுவந்து கொடுத்தார்.

என் மனைவி ஜெயசீலிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்ததால் வந்தோம். நான் மீன் ஃபேக்டரியில் மிஷின் பார்க்கிறேன். அதற்கு முன் கோவில்பட்டியில் ஒரு மில்லில் ஃபிட்டர்; ஊரில் சபைக் கமிட்டியின் செயலர். ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஞானமுத்து என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனுக்கு மானாவாரி நிலம். இரண்டு வருஷம் மழை பொய்த்தது. மூன்றாம் வருஷம் மழை பெய்தது, மக்காச்சோளமும் ஆள் உயரம் வளர்ந்தது. படைப்புழு விழுந்து குருத்தையெல்லாம் தின்றுவிட்டது. அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தான். பையும் வேதப்புத்தகமுமாக நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் மூன்று நாள் உபவாசக் கூட்டம்.

“ஒன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்லே” என்றான்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது, வந்து பேசுவோம் என்றேன்.

“சரி, நீ போயிட்டு வா.”

வியாழக்கிழமை தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். செய்தி கேட்டு மறுநாள் காலையில் ஊர் திரும்பினேன். கமிட்டி கூடியிருந்தது. போதகர் வயதானவர், இளகிய மனசு. மேலிடத்தில் கேட்டுவிட்டுச் செய்வோமே என்று தயங்கினார். கேட்க ஒன்றுமில்லை என்றவன் நான்தான். தற்கொலை பாவம், அதனால் மணி அடிக்கக்கூடாது, கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக்கூடாது என்று உறுதியாகப் பேசினேன். அதுவே தீர்மானமாயிற்று. தெற்குச் சுவருக்கு வெளியே, சீமைக்கருவேல மரங்களின் ஓரத்தில் குழி வெட்டினார்கள். அவன் மனைவி பாக்கியம் என்னைக் கெஞ்சவில்லை. நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆறு வருஷம் அதை விசுவாசத்தில் உறுதி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். போன வருஷம் இங்கே ஒரு படகுக்காரர் அதே விதமாக இறந்தார். கோயில் மணி அடித்தது. ஊரே வந்தது. எல்லாக் கல்லறைகளுக்கும் நடுவில் அவரைப் புதைத்தார்கள். இவர் பேச நினைத்தபோது கேட்க நாம் பக்கத்தில் இருந்தோமா என்று மட்டும் ஃபியோனா கேட்டார். மறுநாள் வேலையில் மிஷினை நிறுத்திவிட்டு நின்றேன். அன்று ஊர்க் கமிட்டியில் நான் வேத வசனத்துக்காகப் பேசவில்லை என்று அப்போதுதான் பட்டது. ஞானமுத்து பாவி என்றாகிவிட்டால், அவனை வாசலோடு அனுப்பிய நான் ஒன்றும் செய்யாதவனாகிவிடுவேன். அதற்காகத்தான் அவனைச் சுவருக்கு வெளியே தள்ளினேன். அந்த வாரம் தொடங்கித்தான் திருவிருந்துக்கு எழுந்து போக என் கால்கள் வரவில்லை. மனந்திரும்புதல் என் பத்தொன்பதாம் வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் நடந்து முடிந்த காரியம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

போன பங்குனியில் லீவு எடுத்து ஊருக்குப் போனேன். பாக்கியம் விறகுக்குப் பருத்திமார் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் அண்ணாச்சி. அந்தச் செவ்வாக்கெழம அவிய ஒங்க வீட்டுக்குத்தான வந்தாவ. என்ன சொன்னாவ?”

நான் அவனோடு வெகுநேரம் பேசியிருப்பேன், அவன் தன் மனசை என்னிடமாவது இறக்கி வைத்திருப்பான், அந்த ரகசியத்தைக் கட்டிக் காக்கத்தான் நான் அவளைப் பார்க்காமல் ஒதுங்குகிறேன் என்று அவள் நம்பியிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அனுப்பிவிட்டேன் என்பதை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“அப்போ யாருகிட்டயும் சொல்லாமத்தான் போயிருக்காவ” என்றாள். பிறகு எழுந்து விட்ட வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று இரண்டையும் சொன்னேன்: அவனை அனுப்பியதையும், பிறகு செய்ததையும். புதிதாக வந்திருந்த இளம் போதகர் அல்லேலூயா என்றார். நல்ல சாட்சி, தினமும் புதிதாக்கப்படுவது என்றால் இதுதான் என்று என்னை முன்மாதிரியாக்கிப் பேசினார். கடைசி வரிசையிலிருந்து பாக்கியம் எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். வாசலில் பலர் என் கையைக் குலுக்கினார்கள். செய்த தப்பைச் சொல்லியும் அந்தப் பழைய பேரையே திரும்ப வாங்கிக்கொண்டு நின்றேன்.

தெற்குச் சுவரை இடித்து, அவன் கல்லறையையும் உள்ளே சேர்த்துக் கட்டுங்கள் என்று கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார்கள். இதுவரை நான்கு கூட்டம் முடிந்துவிட்டது. போனில் கேட்டதற்கு, இப்போது செயலராக இருப்பவர், தோட்டத்துக்குள் என் அப்பா பக்கத்தில் எனக்கும் கல்லறைக்கு இடம் விட்டிருப்பதாகவும் அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் சொன்னார். சுவர் அங்கேயேதான் இருக்கும் என்றால் என்னையும் வெளியே ஞானமுத்து பக்கத்தில் வையுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

இதை ஜெயசீலியிடம் சொன்னபோது அவள் யூனிஃபார்ம் மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளைகள் இருவரும் பக்கத்து அறையில் இந்த ஊர் இங்கிலீஷில் எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தி, “அங்கன வச்சா, நம்ம புள்ளைக ஒங்கள எங்கன்னு வந்து தேடுவாவ?” என்றாள். சுவருக்கு வெளியே நிறையப் புதர். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, மழையில் மூடிக்கொள்ளும். பாக்கியத்தைத் தவிர அந்த இடத்தை அடையாளம் காட்ட ஒருவரும் இல்லை.