செருப்பு விற்க மறுத்த பாய்

2006-ஆம் வருஷம் என்று நினைவு. சென்னை ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். எனக்கு லூபஸ் இருப்பது தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய் அது. ஸ்டீராய்டு மாத்திரையில் மூட்டுவலி அடங்கியது; ஆனால் முகம் இட்லி மாதிரி உப்பிவிட்டது. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "நல்லா சதை போட்டுட்டியே!" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாத்தனார் கல்யாணம் நெருங்கியது. போட்டோவில் காலத்துக்கும் அந்த முகம்தானே இருக்கும்? தினமும் காலை டிபன் முடிந்ததும் என் கணவர் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் டம்ளரோடு பக்கத்திலேயே நிற்பார். நான் விழுங்கிய பிறகுதான் ஆபீஸுக்குக் கிளம்புவார். நான் விழுங்குவதுபோல் காட்டி, மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியதும் வாஷ்பேசினில் துப்ப ஆரம்பித்தேன். வாரத்தில் நாலு நாள் இந்தத் திருட்டுத்தனம். என் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட!

இரண்டு மாதத்தில் கால் வீங்கி, இருந்த செருப்பெல்லாம் இறுக்கிப் பிடித்தது. சிறுநீர் நுரைநுரையாகப் போனது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மாத்திரையின் வேலை என்று நினைத்து, மாத்திரை விழுங்கும் நாளில் இன்னும் ஒன்றைக் குறைத்தேன்.

கல்யாணத்துக்குச் செருப்பு வாங்க இருவரும் குரோம்பேட்டை போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சின்னக் கடை. கடைக்கார பாயே குனிந்து உட்கார்ந்து மாட்டிப் பார்ப்பார். "பெரிய சைஸ் குடுங்க பாய்" என்றேன். அவர் என் கணுக்காலுக்கு மேலே விரலை அழுத்தி எடுத்தார்.

"இன்னாமா இது, குழி வுழுந்து அப்டியே கீது? என் தம்பிக்கும் இப்டிதான் வீங்கிச்சு. கேட்டா கிட்னின்னாங்க. இந்தக் காலுக்கு நான் செருப்பு தர மாட்டேன். மொதல்ல டாக்டராண்ட போ."

வியாபாரமே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். என் கணவர் என்னை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "ஒரு நாள்கூட மிஸ் ஆகலை சார். என் கையாலதான் குடுக்கறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வீக்கம் மாத்திரையால் அல்ல, மாத்திரை போகாததால் நோய் கிட்னியில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் டயாலிசிஸ்தானாம்.

வெளியே வராண்டாவுக்கு வந்ததும் என் கணவர், "மூஞ்சி எப்படி இருந்தா எனக்கென்னடி? நீ இருக்கணும்ல?" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஆறு மாதம் ஊசி, கூடுதல் மாத்திரை. முகம் முன்னைவிட உப்பியது, கிட்னி பிழைத்தது. பாய்க்கு நன்றி சொல்லப் போனபோது, "நல்லா இரு தாயி" என்று அதோடு முடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வீடு திரும்பியதற்கு மறுநாள் காலையே, என் கணவர் மாத்திரையை என் கையில் வைத்தார். நான் விழுங்குகிறேனா என்று பார்க்காமல் ஸ்கூட்டரை எடுக்கப் போய்விட்டார். ஏமாற்றியவளை அடுத்த நாளே நம்பிய அந்த மனுஷனுக்காகவே, அன்றிலிருந்து இதுவரை ஒரு வேளை மாத்திரையைக்கூட நான் தவறவிட்டதில்லை.