பச்சை டிக் போட்ட படம்

பேனர் கடையில படம் வரையறவளுக்கு முகம் வரையறது பெரிய வேலை இல்லீங்க, முகத்துக்குப் பின்னாடி என்ன வைக்கிறோம்ங்கிறதுலதான் மானமே இருக்கு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வாடிக்கைக்காரங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிற சகபாவிகளே, உங்களுக்குச் சொன்னாப் புரியும். எங்க கடை ஒரகடத்துல. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, நடுநடுவுல கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு போஸ்டர்.

ஹெல்மெட்டுக்கு மயில்

முதல் தடவையா ஒரு கம்பெனி போஸ்டர் வேலை என் கைக்கு வந்துச்சு. பிடிச்சுப்போனா வருஷம் பூரா அவங்க வேலை உனக்குத்தான்னு முதலாளி சொல்லியிருந்தார். வாழைமரமும் தாமரையுமா வரைஞ்சு பழகின கை சும்மா இருக்குமா? ஹெல்மெட் போட்ட ஆளுக்குப் பின்னாடி சூரிய உதயம், ரெண்டு பக்கமும் தோகை விரிச்ச மயில், ஓரமெல்லாம் தங்கக் கலர் கொடி.

பயிற்சிப் பிரிவு சூப்பர்வைசர் பத்துப் பேர் எதிர்ல அதை விரிச்சுப் பிடிச்சார். பத்துப் பேரும் சிரிச்ச சிரிப்புல தரைக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு எனக்கு. "மேடம், ஹெல்மெட் போடச் சொல்றீங்களா, மொய் எழுதச் சொல்றீங்களா?"

அடக்கமான சாம்பல்

அன்னைக்கே வைராக்கியம். சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து ஷேர் ஆட்டோல வர்ற நேரமெல்லாம் போன்ல டிசைன் சொல்லித்தர்ற வீடியோவாப் பார்த்தேன். எல்லாரும் ஒண்ணேதான் சொன்னாங்க: பின்னணி அமைதியா இருக்கணும், வேண்டாததை எடு, ஆளை நடுவுல வை. என் பழைய படங்களைத் திறந்தா வெக்கம் பிடுங்கித் தின்னுது.

அந்த ஜோருல ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனருக்கு வெளிர் சாம்பல் பின்னணி, மூலையில ஒரே ஒரு வெள்ளைப் பூ. பேனரைப் பிரிச்சதும் பொண்ணோட அம்மா நெஞ்சுல கை வச்சுக்கிட்டாங்க. கடையில இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. "இன்னாம்மா இது, எம் பொண்ணு வூட்ல நல்லா உக்காந்துகினு கீது, நீ இன்னாத்துக்கு அஞ்சலி போஸ்டர் அடிச்சு வச்சிகீற?"

தரையில ஒரு கோடு

அப்பவாவது புத்தி வந்துச்சா? அந்தம்மாவுக்கு ரசனை போதாதுன்னு நினைச்சுக்கிட்டேன், பாருங்க. கம்பெனி இன்னொரு வாய்ப்பு கொடுத்துச்சு. புதுசா சேர்றவங்க, பொருள் வந்து இறங்கற வரைக்கும் எங்க நிக்கணும்னு காட்டற படம். அவங்க அனுப்பின போட்டோவுல தூண், பைப்பு, தரையில ஒரு மஞ்சள் கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓரமா ஒரு ஆள். எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சேன். படத்தைக் குறுக்கால வெட்டுதேன்னு கோட்டையும் எடுத்தேன். ஆளை நடுவுக்கு நகர்த்தி, பக்கத்துல பெருசா ஒரு பச்சை டிக். சூப்பர்வைசர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கலை, "இப்பதான் மேடம் புரொஃபஷனல்"னு சொல்லி ஒட்டிட்டார். எனக்குக் கால் தரையில படலை.

அந்தக் கோடு அலங்காரம் இல்லீங்க. இந்தப் பக்கம் மனுஷங்க, அந்தப் பக்கம் பாரம் தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடற பாதை.

மூணாம் நாள் கூப்பிட்டு அனுப்பினாங்க. திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து புதுசா வேலைக்கு வந்த பொண்ணு ஒண்ணு வண்டிப் பாதை நடுவுல போய் நின்னிருக்கு. டிரைவர் பிரேக் அடிச்சதால உயிர் தப்பிச்சுது, கால்ல கட்டு. போஸ்டரைக் கழட்டிட்டாங்க. எனக்கு அந்த வேலையும் போச்சு, அது கிடக்கட்டும். அந்தப் பொண்ணு என்னைத் திட்டும்னு நினைச்சேன், திட்டியிருந்தா தேவலை. தப்பு தன்மேலங்கிற மாதிரி நொண்டிக்கிட்டே எந்திரிச்சு நின்னுச்சு. "நீங்க வரஞ்ச படத்துல நின்ன மாதிரியேதாம்க்கா நின்னேன்."

மயில் வரைஞ்ச காலத்துல என்னைப் பார்த்துப் பத்துப் பேர் சிரிச்சாங்க, ஆனா அந்தப் பத்துப் பேரும் நல்ல காலோடதான் வீடு போய்ச் சேர்ந்தாங்க.