சரோஜா அக்காவின் விரத நாள் சர்க்கரை

சரோஜா அக்கா போய்விட்டார். நேற்று காலை நெஞ்சு வலி... பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் கல்லூரி விலங்கியல் லேபில் அட்டெண்டர். பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். என் வாய்க்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரே ஆள்.

அக்காவுக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி. அமாவாசை வந்தால் மட்டும் விரதம், அன்று ஊசியும் கிடையாது. "வாயில பச்சத்தண்ணி படல, ஊசி எதுக்கு சார்?"

மறுநாள் பார்த்தால் சர்க்கரை எகிறியிருக்கும். பிறந்த வீடு ஆண்டிமடம், அங்கிருந்து முந்திரி வரும்... அதை ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று மகன் திட்டுவான்.

நானும் விடவில்லை. "பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமாக்கா?" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன வருடம் வகுப்புக்காக லேபில் ஒரு வீடியோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லீரல் செல்கள். உள்ளே கால்சியம் ஏறும்போதெல்லாம் பளிச் பளிச்சென்று மின்னும். ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்த அக்கா வந்து நின்று, என்னவென்று கேட்டார்.

சொன்னேன். பட்டினி கிடந்தால் ஒரு ஹார்மோன் வந்து செல்லுக்குள் கால்சியத்தைக் கிளப்பிவிடும். கல்லீரல் தானே சர்க்கரையைச் செய்து ரத்தத்தில் விடும். இன்சுலின் வந்தால்தான் அந்தக் கால்சியம் அடங்கும், கல்லீரலும் நிறுத்தும்.

"அப்ப ஊசி போடலன்னா, சாப்புடலன்னாலும் சர்க்கரை ஏறுமா சார்?"

இதை வருடா வருடம் பாடம் நடத்துகிறவன் நான். அந்த நிமிடம்தான் எனக்கே உறைத்தது. வெட்கமாகிவிட்டது.

டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். விரத நாளிலும் ஊசியை நிறுத்தக்கூடாது, அளவை மாற்றித் தருகிறேன் என்றாராம். அதன்பிறகு அக்கா ஒரு அமாவாசைக்கும் ஊசியைத் தவறவிடவில்லை.

என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "நான் சொன்னா அவன் நம்ப மாட்டேங்கறான். வூட்டுக்கு ஒருவாட்டி வாங்க சார். நான் திருடித் திங்கலன்னு எம் மவங்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அக்கா வீடு குரும்பலூர்தான். பஸ்ஸில் கால் மணி நேரம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இருந்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் பூமாலை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். "முந்திரிய ஒளிச்சு ஒளிச்சுத் தின்னே உடம்பக் கெடுத்துக்கிட்டாங்க சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான் மகன்.

"இல்ல தம்பி, அம்மா தின்னல" என்று முழுவதையும் சொன்னேன்.

என் கையை விட்டுவிட்டான். "அம்மா இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கலாமே சார்."

மன்னிச்சிடுங்கக்கா... போய் வாங்க.