துருப்பிடித்த கோடரியும் மணமகன் வீட்டாரும்

பின்லாந்தில் மரியாதைக்குக்கூட ஒருவரை ஊருக்கு அழைக்கக் கூடாது. 'ஒருமுறை எங்கள் பக்கம் வாருங்கள்' என்று சொன்னால், எதிரில் இருப்பவர் செல்பேசியை எடுத்து 'எந்த வாரம்?' என்று கேட்பார். இங்கே அலுவலகங்களில் ஆண்டை வாரங்களாக எண்ணுகிறார்கள். விடுமுறை இருபத்தெட்டாம் வாரம், பல் மருத்துவர் முப்பத்தைந்தாம் வாரம். எனக்கோ திருச்செங்கோட்டில் ஈரோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ப்படும் பத்துப் பேரையும் 'ஒருக்கா ஊட்டுக்கு வாங்க' என்று அழைத்துவிட்டு, ஒருவரும் வரமாட்டார்கள் என்ற நிம்மதியில் பஸ் ஏறிய பழக்கம். அந்தப் பழக்கம்தான் நான்கு பின்லாந்துக்காரர்களைத் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுவந்தது.

சேலத்தில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன் நான். இப்போது தம்பெரே நகரத்தில் காகித இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பயன்பாட்டுக் கையேடுகளைத் திருத்துகிறேன். அங்கே வெல்டிங் பிரிவில் நான்கு பேர் இருபது ஆண்டுகளாக ஹார்ட் ராக் குழு நடத்துகிறார்கள். குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் 'துருப்பிடித்த கோடரி'. தம்பெரேயில் தடுக்கி விழுந்தால் ஓர் இசைக்குழுவின் மேல்தான் விழ வேண்டும். அதனால் இவர்களுடைய கடைசிக் கச்சேரிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் மனைவிமார். பிறகு, ஒத்திகை பார்க்கும் கட்டடத்தில் ஆம்ப்ளிஃபயருக்குத் தடை வந்தது. சரி, பழைய பாட்டுகளையே மின்சாரம் வேண்டாத மரக் கிட்டாரில் மெதுவாக வாசித்து, ஆட்கள் முன்னிலையில் ஒரே மூச்சில் பதிவுசெய்து, ஆல்பமாகவும் வீடியோவாகவும் வெளியிடுவது என்று முடிவுசெய்தார்கள். குறை ஒன்றுதான்: ஆட்கள். ஒரு வியாழக்கிழமை, நாங்கள் வாராவாரம் கூடும் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் வெக்கையில் உட்கார்ந்துகொண்டு, 'எங்கள் ஊரில் மைக் டெஸ்டிங் செய்தாலே இருநூறு பேர் கூடுவார்கள். அங்கே வாருங்கள்' என்றேன். பாடகர் யுக்கா துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே போய், செல்பேசியோடு திரும்பினார். 'நான்காம் வாரம் சரிப்படுமா?'

மறுக்க முடியவில்லை. ஆறு ஆண்டுகளில் இந்த நாட்டில் முன் அறிவிப்பு இல்லாமல் நான் தட்டக்கூடிய கதவு அந்த வியாழக்கிழமை சவுனா ஒன்றுதான். கச்சேரி கெட்டுப்போனால் அதுவும் மூடிக்கொள்ளும் என்று பயந்தேன்.

ஊரில் எல்லாவற்றையும் தங்கமுத்து மாமா பார்த்துக்கொண்டார். ரிக் லாரி வைத்து போர்வெல் போடுகிறவர். தை மாதமாக இருந்தும் அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கல்யாண மண்டபமும் சாப்பாட்டுப் பந்தியும் பேசினார். வாசலில் பிளெக்ஸ் வைத்தார். அதில் மாமாவின் படம் ஆள் உயரம், குழுவின் படம் தபால்தலை அளவு. அவருக்கு ஒரே வருத்தம் மரக் கிட்டார்தான்.

"கரண்டு கிட்டாரை ஏன் மாப்ளே ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டாங்க? நம்மூர்ல கரண்டு இருக்காதுன்னு சொல்லிப்போட்டியா?"

"இல்லீங் மாமா. வேணும்னுதான் அப்படி வாசிக்கறாங்க."

"சும்மா இரு. என்ற ஜெனரேட்டரக் கொண்டாந்து நிறுத்தறேன். மானம் போகுதில்ல."

வீடியோவுக்கு என் பள்ளித் தோழன் குமரேசன். சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களில் பாதி அவன் கேமராவுக்குள்தான் நடந்திருக்கும். பாடுகிறவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். "எனக்கே சொல்லித் தர்றியாடா? வந்தவங்க ஒருத்தர் மொகம் விடாம எடுத்துருவேன்" என்றான். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

காலை பத்தரைக்கு இருநூறு பேருக்குக் குறையாமல் வந்துவிட்டார்கள். மைக் கேபிள்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதல் பாட்டு ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது பாட்டில் மாமாவின் பார்வை டிரம்மர் மேல் விழுந்தது. அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, அந்தப் பெட்டியையே தட்டிக்கொண்டிருந்தார். இந்த வகைக் கச்சேரியில் அதுதான் வாத்தியம். மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம், விருந்தாளி ஒருவர் நாற்காலி இல்லாமல் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியைத் தானே தூக்கி வந்து, டிரம்மரின் தோளைப் பிடித்து எழுப்பி, அதில் உட்காரவைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதிப் பாட்டுக்குத் தாளம் டிரம்மரின் தொடையில்.

மூன்றாவது பாட்டுதான் ஆல்பத்தின் உயிர். யுக்கா இறந்துபோன தன் தம்பிக்காக எழுதியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கியபோது, மேடைக்கு இடப்பக்கம் ஒரு வரிசை உருவாகியிருந்ததைக் கவனித்தேன். மேடை, பூ அலங்காரம், வெல்வெட் நாற்காலி, குமரேசனின் விளக்கு. எங்கள் சனத்துக்கு வேறென்ன தோன்றும்? குடும்பம் குடும்பமாக இடப்பக்கம் ஏறி, யுக்காவின் பின்னால் நின்று, படம் எடுத்துக்கொண்டு, வலப்பக்கம் இறங்கிப் பந்திக்குப் போனார்கள். சிலர் கையில் ஜிகினாத்தாள் சுற்றிய பரிசுகூட இருந்தது. பேஸ் கிட்டார்காரர் வாசிப்பதா வாங்குவதா என்று ஒரு கணம் தடுமாறி, மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு பெரியவர் யுக்காவின் வாயசைவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஏனுங்க அய்யா, நடங்க, பின்னால ஆளு நிக்குது" என்று வரிசையில் சத்தம். நடுவில் குமரேசன் குரல்: "அக்கா, கிட்டார மறைக்காம நில்லுங்க. சாமி, இக்கட்ட, கேமராவப் பாரு. சிரி சாமி." அத்தனையும் மைக்கில் பதிவானது. யுக்கா கண்ணைத் திறந்தார், சுற்றிலும் பார்த்தார், திரும்ப மூடிக்கொண்டு பாடினார்.

தம்பெரே திரும்பிய பிறகும் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. பின்லாந்துக்காரர்களின் மௌனத்தில் கோபம் எது, களைப்பு எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு மாதம் கழித்துக் குமரேசன் அழைத்தான்.

"மோகா, வீடியோ கடைசில போடற போட்டோ ஆல்பத்துல மாப்ள ஊட்டார், பொண்ணு ஊட்டார்னு ரெண்டு பக்கந்தான் இருக்குது. வெள்ளக்காரங்கள மாப்ள ஊட்ல போட்டாச்சு. நம்ம சனத்தப் பொண்ணு ஊட்ல போட்டாச்சு. நீ எந்தப் பக்கம்டா?"

"கேக்குதா?" என்றான்.

"நீயே பாத்துப் போடு" என்றேன்.

வியாழக்கிழமை சவுனாவின் முன்னறையில் வீடியோவைப் போட்டோம். இரண்டே முக்கால் மணி நேரம். ரோஜா இதழ் விரிந்தால் உள்ளே டிரம்மர். மயில் தோகை விரித்தால் யுக்கா. பந்தி மட்டும் இருபது நிமிடம். இலையில் விழும் பாயசம் மெதுவியக்கத்தில், பின்னணியில் தம்பிக்கான பாட்டு. நால்வரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இனி வியாழக்கிழமைகளில் எங்கே போவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

முடிந்ததும் யுக்கா தொண்டையைச் செருமினார். 'எங்கள் வீடியோக்களில் கூட்டத்தின் முதுகுதான் தெரியும். இதில் அத்தனை பேருக்கும் முகம் இருக்கிறது. எதையும் வெட்ட வேண்டாம். நேரலை என்றால் நடந்ததுதானே?' பிறகு பென்சிலை எடுத்தார். 'என் தம்பியின் பாட்டுக்குத் துணையாக வந்து நின்றவர்கள். ஆல்பத்தின் உறையில் எல்லாருடைய பெயரும் வர வேண்டும். சொல்.'

படத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தெரியாத பெயர்களை மாமாவிடம் கேட்டு எழுதினோம். கடைசியில் குமரேசனின் இரண்டு பக்கங்கள் வந்தன. மாப்பிள்ளை வீட்டாரில் நான்கு வெள்ளைக்காரர்களின் ஓரத்தில் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு நான். பெண் வீட்டாரில் மாமாவுக்குப் பக்கத்தில், பந்தி இலைக்கு முன்னால், மறுபடியும் நான். எதையும் விடாமல் எண்ணும் யுக்காவின் பென்சில் நின்றது.

'இவர் உன்னைப் போலவே இருக்கிறாரே. சகோதரனா?'

'தம்பி' என்றேன். 'ஊரிலேயே இருந்துவிட்டான்.'

'பெயர்?'

வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயரைச் சொன்னேன். ஆல்பம் வந்துவிட்டது. உறையின் பின்புறத்தில் 'கேபிள்: மோகனசுந்தரம்' என்று ஓரிடத்திலும், இருநூறு பேருக்கு நடுவில் 'மோகு' என்று ஓரிடத்திலும் இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காரும் யுக்கா, 'தம்பி எப்படி இருக்கிறான்?' என்று தவறாமல் கேட்கிறார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்கிறேன்.